என் பெயர் வைத்த பூச்சி

எங்கள் ஊர்ச் சாக்கடையை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை, ஐயா. என்னை ஆளாக்கியதே கழுகுமலை ரோட்டுச் சாக்கடைதான். அதில் ஒரு செம்பு மொண்டு வந்து, எட்டு மாதம் வடிகட்டி, கிருமியைத் தின்னும் வைரஸ் ஒன்றைப் பிடித்தேன். பேஜ் என்பார்கள். பிடித்தவனே பெயர் வைக்கலாம். மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு ‘ஆனந்த்-1’ என்று வைத்தேன். என் பெயர் ஆனந்த்சங்கர். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றின் லேப்பில் வேலை. இரண்டாவது பேஜ் அகப்படவேயில்லை. இருந்தாலும் அந்த ‘1’ ஒரு கெத்து.

குருவிகுளத்து ஆட்டுக்காரர் நல்லக்கண்ணு காலில் சர்க்கரைப் புண்ணோடு வந்து சேர்ந்தார். புண்ணில் இரண்டு வகைக் கிருமி, ஒரே வழவழப்புப் படலத்துக்குள் கூட்டுக்குடித்தனம். டாக்டர் லட்சுமிப்ரியா தெளிவாகத்தான் எழுதியிருந்தார்: பேஜ் ஒன்றைத் தின்று படலத்தை உடைக்கும், மற்றதை ஊசி மருந்து கொல்லும், இரண்டும் சேர்ந்தே போகவேண்டும். இரண்டையும் தயார் செய்து அனுப்புவது என் பொறுப்பு.

அதுதான் எனக்கு உறுத்தியது. சேர்த்துக் கொடுத்துப் புண் ஆறினால், பேர் மருந்துக்குப் போய்விடும். அதனால் மருந்துப் பாட்டிலில் ஆறு நாள் வெறும் உப்புத் தண்ணீரை அனுப்பினேன். மருந்தின் பெயரை மட்டும் அழகாக எழுதி ஒட்டினேன். எனக்குக் கையெழுத்து நன்றாக வரும்.

தினமும் கட்டுப் பிரிக்கும்போது என் பேஜின் வேலையைப் பார்க்க வார்டுக்குப் போவேன். நல்லக்கண்ணு கேட்பார்: “உங்க பூச்சி சாப்ட்டுட்டா சார்?”

“வயிறு முட்டத் தின்னுட்டு, அண்ணாச்சி.”

அது பொய்யில்லை. ஆனந்த்-1 தன் பங்கைச் சுத்தமாகத் தின்றது. காலியான இடத்தில் மற்ற கிருமி பரவியது. நான் ஆனந்த்-1 பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன். ஏழாம் நாள் காய்ச்சல் கொதித்தது. அன்றுதான் அசல் மருந்தை அனுப்பினேன். ஒன்பதாம் நாள் ரத்தத்தில் விஷமேறி அவர் இறந்துபோனார்.

மறுவாரம் அவர் மனைவி முத்துமாரியம்மாள் லேப் வாசலுக்கு வந்தாள்.

“ஒரு தப்பு பண்ணிட்டேன் சார். கோயில் புத்து மண்ணைக் குழைச்சு, யாருக்கும் தெரியாம அவுக கட்டு மேல பூசிட்டேன். அதுனாலதான் போயிட்டாகளா?”

கட்டுக்கு மேல் பூசிய மண் புண்ணைத் தொட்டிருக்காது. அது எனக்குத் தெரியும்.

“இருக்கும்மா,” என்றேன்.

வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். என் புருசனை நானே கொன்னுட்டேனே என்று அழுதாள். அவளை நான் ஒரு சொல் திட்டவில்லை, ஐயா. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, மன்னித்துத்தான் அனுப்பினேன்.