விமானசாமி அழைக்கும் பேர்

எழுதலாமா என்று ஆறு வருடம் தயங்கிவிட்டு, முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

கோவில்பட்டி பேருந்தில் என் முன் இருக்கையில் காட்டு வேலைக்காரச் சம்சாரி அம்மாள் ஒருவர். அவர் பக்கத்தில் ஒரு வாலிபர், கையில் விமானத்தருகே ஒரு வெள்ளைக்காரர் நிற்கும் பழைய புகைப்படம். அம்மாள் அதை எட்டிப் பார்த்தார்.

"எங்க ஊர்ல கும்புடுற விமானசாமிக்கு போட்டோ வேற இருக்கா தம்பி?"

"உலகச் சண்டைக் காலத்துல உங்க கரிசக்காட்டுல விமானத்தோட விழுந்து செத்த வெள்ளைக்காரப் பையன்க்கா. இவர் கதையத்தான் தேடி எழுதுதேன். பிள்ளை எங்க விழுந்தான்னு தெரியாமலே இவரோட அம்மா எடித் செத்துட்டாங்க."

"யாரு, எடித்தா?" அம்மாள் முன்கம்பியை இறுகப் பிடித்தார். "கோயில் கொடைத் திருவிழாவுக்குத் திருவிழா விமானசாமி எறங்கி சாமியாடி அந்தப் பேரைச் சொல்லித்தான அழுவாரு! ஏதோ அம்மன்னு நெனச்சு நாங்க சேலை சாத்துதோம்."

வாலிபர் புகைப்படத்தை அம்மாளிடம் நீட்டினார்.

"அப்ப தாய் செத்த சேதி எங்க விமானசாமிக்கு இன்னும் தெரியாது தம்பி. இந்தக் கொடைக்கு வந்து நீங்கதான் சொல்லணும்."

காதில் விழுந்தது இவ்வளவே. பிறருக்குச் சொல்பவர்கள் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.