ஓரக் கதிரை

உணவகத்தில் இனி வேலையில்லை என்றார்கள். பையோடு ஸ்ட்ரெதம் வீதியில் நடந்தவன், மழை வர பஸ் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு தகப்பனும் பாடகியான மகளும்.

"அப்பா, இந்த முறை கச்சேரியிலை முழந்தாளிடாதேங்கோ."

"இயேசு உயிர்விடுற இடத்தை நீ பாடேக்கை எப்பிடிப் பிள்ளை கதிரையிலை இருக்கிறது? மன்னாரிலை முழுக் கோயிலும் முழந்தாளிலை நிக்கும்."

"அது பூசை. போனமுறை சனம் என்னை விட்டிட்டு உங்களைப் பாத்தது."

"அப்ப நான் வரேல்லை. உனக்கு வெக்கம்."

"இந்தச் சீசன் முழுக்கப் பழங்காலத் தேவாலயக் கூட்டுப்பாட்டுக் கச்சேரிதான், அப்பா. நீங்கள் முன்னுக்கு இல்லாட்டி எனக்குப் பாட ஏலாது."

"முழந்தாள் தானா மடங்குது, பிள்ளை."

அவள் சிரித்துவிட்டாள். "சரி, முன்வரிசையிலை ஓரக் கதிரை எடுக்கிறன். அங்கை மடக்க இடமிருக்கும்."

மறுநாள் காலை ஒரு கச்சேரி மண்டபத்தில் கதிரை அடுக்கும் வேலை கிடைத்தது. ஓரக் கதிரைகளுக்கு முன்னால் கொஞ்சம் கூடுதலாக இடம் விட்டேன்.