சிதோரியின் வலப்பக்க முடிச்சு

இவ்வளவு நாள் பேசாமல் இருந்தது போதும். அகாசே படகுத் துறையைச் சேர்ந்த ஹிரோசே தமோட்சுவின் படகில் பாய்மரம் சாய்ந்து, அவர் மனைவி கினுயோவின் கை முறிந்த விபத்து குறித்து, அதை விசாரிக்கும் கடற்காவல் அதிகாரிக்கு இந்த வாக்குமூலத்தை என் கைப்பட எழுதுகிறேன். பெயர், வயது, முகவரியை முதலில் எழுதுவதே முறை என்று தெரியும். அந்த இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன், எழுதி முடித்தபின் நிரப்பிக்கொள்கிறேன். தொழிற்கல்லூரியில் இயந்திரவியல் கற்பித்தவன், அந்தத் துறையில் படகு வைத்திருப்பவன் என்ற அளவில் இருக்கட்டும்.

ஹிரோசே எனக்கு வேண்டியவர் இல்லை. படகுச் சங்கத்தின் பாதுகாப்புப் பொறுப்பை நான் பல ஆண்டுகள் வகித்தேன். சென்ற தேர்தலில் அதை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். பாய்மரத்தின் மீது செயல்படும் விசைகள் பற்றி நான் உரையாற்றியபோது வந்தவர்களில் பாதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். அவர் ‘நம் படகை நாமே திருத்துவோம்’ என்று ஞாயிறு வகுப்பு ஆரம்பித்ததும் நாற்காலி போதவில்லை. இதை நான் மறைத்தாலும் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள், ஆகவே நானே சொல்கிறேன்.

சிதோரி என்பது அவருடைய சிறிய பாய்மரப் படகு, துறையில் என் படகுக்கு அடுத்து நிற்பது. இருவர் தாராளமாக உட்காரலாம், மூன்றாமவர் ஏறினால் முழங்கால் இடிக்கும். இந்த ஆண்டு செர்ரி பூத்த சமயத்தில் அவர் அதில் சில மாற்றங்கள் செய்தார். பாய் ஏற்றும் கயிற்றை இரண்டு கப்பிகள் வழியாகப் பின்னால் சுக்கான் பக்கம் கொண்டுவந்தார். ஆடும் படகில் பாய்மரம்வரை எழுந்து போகும் வேலை அதனால் மிச்சமானது. அதன் பிறகு, காற்றின் போக்கைக் காட்ட, கினுயோவின் பின்னல் வேலையில் மிஞ்சிய சிவப்புக் கம்பளி நூலைப் பாயில் ஒட்டினார். அதன் பிறகு, பாய்மரத்தை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளின் அடியில் துருவேறிக் கிடந்த இறுக்குத் திருகுகளைக் கழற்றிவிட்டு, கம்பியின் முனையையும் தளத்து வளையத்தையும் மெல்லிய செயற்கை இழைக் கயிற்றால் பல சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினார். வெயில் படாமலிருக்க, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பச்சைக் குழாயை நீளவாக்கில் கீறி அந்தக் கட்டின் மேல் உறையாக மாட்டினார்.

சங்கத் தலைவர் ஒகாதா அதைப் பார்த்துவிட்டு எல்லார் முன்பாகவும் கேட்டார். “என்னய்யா ஹிரோசே, பாய்மரம் நிறுத்தியிருக்கியா, துணி காயப்போடக் கொடி கட்டியிருக்கியா?”

“ரெண்டுக்கும் ஆகும் தலைவரே. உங்க சட்டையையும் கொண்டாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்குப் போய், குற்றம் கண்டுபிடிக்கும் எண்ணத்துடனேயே அந்தக் கயிற்றின் வலுவைக் கணக்கிட்டேன். கம்பி அறுந்தாலும் கட்டு அறாது என்று விடை வந்தது. மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே விடை.

எங்கள் துறையில் சூறாவளி எச்சரிக்கை வந்தால், அங்கே இருக்கிறவர்கள் இல்லாதவர்களின் படகுகளையும் சேர்த்துக் கட்டிவைப்பார்கள், சிறு படகுகளின் பாய்மரத்தைப் படுக்க வைப்பார்கள். இதற்குப் புயல் வேலை என்று பெயர். அடுத்தவர் படகில் போடும் முடிச்சு, நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழ்ந்துவிடுவதாக இருக்க வேண்டும். உரிமையாளர் அவசரத்துக்கு அவிழ்க்க அதுதான் வசதி. யார் செய்தது என்று யாரும் சொல்வதில்லை, கேட்பதுமில்லை. சொன்னால் உரிமையாளர் இனிப்புப் பெட்டியோடு வாசலில் வந்து நிற்பார், வாங்கியவர் பதிலுக்கு ஒன்று எடுத்துப்போக வேண்டும், அதற்கு முடிவே கிடையாது.

செப்டம்பரில் எச்சரிக்கை வந்தபோது ஹிரோசே தம்பதி ஒரு திருமணத்துக்காக ஒசாகா போயிருந்தார்கள். நான் சற்றுத் தள்ளி வேறொருவர் படகைக் கட்டிக்கொண்டிருந்தேன். சங்கம் கொடுத்த மஞ்சள் மழைச்சட்டை அணிந்த இருவர் சிதோரியின் பக்கக் கம்பிகளருகே குனிந்திருந்ததை மழையினூடே பார்த்தேன். மஞ்சள் சட்டை எல்லாரிடமும் இருக்கிறது. ஒருவர் ஒவ்வொரு முறை நிமிரும்போதும் ஒகாதாவைப் போல இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அப்படி இடுப்பைப் பிடிக்கிறவர்கள் எங்கள் துறையில் இன்னும் பலர் உண்டு. சிறிது நேரத்தில், புயல் திசைமாறிவிட்டதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அதன் பிறகு அவரவர் அவிழ்த்ததைத் திரும்பக் கட்டிவிட்டு, சூடாக மிசோ சூப் குடித்துவிட்டுக் கலைந்தோம்.

அதற்கடுத்த ஞாயிறு ஹிரோசேயும் கினுயோவும் படகை எடுத்தார்கள். விரிகுடா வாயில் திரும்பும்போது இடப்பக்கக் கட்டு விட்டுப்போய்ப் பாய்மரம் கினுயோவின் மேல் சாய்ந்தது. விசாரணையில் ஒகாதா, அந்தப் படகை ஹிரோசேயைத் தவிர யாரும் தொடவில்லை என்று சொன்னார். கைவேலையாகச் செய்த கயிறுதான் காரணம் என்று கடற்காவல் அறிக்கை வந்துவிட்டால், துறையில் ஹிரோசே படகு நிறுத்தும் இடத்தைச் சங்கப் பொதுக்குழு ரத்து செய்துவிடும், சிதோரி உடைப்புக் கொட்டகைக்குப் போகும். ஹிரோசே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். சூப்பில் உப்புக் குறைந்தாலே வாதாடுகிற மனிதர். எனக்கு விளங்கவில்லை.

அதன் பிறகு, கரையில் ஏற்றி வைத்திருந்த சிதோரியைப் போய்ப் பார்த்தேன். இடப்பக்கக் கயிறு முழுசாகக் கிடந்தது. ஓர் இழைகூட அறுபடவில்லை, சுற்றிக் கட்டியபோது விழுந்த சுருள் கயிற்றில் அப்படியே இருந்தது. அறுந்ததல்ல, அவிழ்ந்தது. வலப்பக்கத்தில் பச்சைக் குழாயைத் தூக்கினேன். உள்ளே இருந்தது புயல் வேலை முடிச்சு. ஹிரோசே வரிசையாக இறுக்கு முடிச்சுகள் போட்டு நுனியை நெருப்பில் காட்டி உருக்கிவிடுவார். ஞாயிறு வகுப்புக்கு வந்த யாருக்கும் இது தெரியும். இடப்பக்கத்திலும் அதே முடிச்சைத்தான் போட்டிருப்பார்கள்; படகு திரும்பும்போது முன்பாயின் கயிறு, உறைக்கு வெளியே நீண்டிருந்த அதன் நுனியில் மாட்டி இழுத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு ஒகாதாவிடம் போனேன்.

“தலைவரே, புயல் வேலை அன்னிக்கு சிதோரில யாரு நின்னது?”

“வாத்தியாரே, இத்தன வருஷமா இங்க இருக்கீங்க. இதக் கேக்கலாமா?”

“யாருமே தொடலைன்னு சொன்னீங்களே.”

“தொடறதுன்னா நோண்டறது. புயல் வேலை எப்படிய்யா தொடறதாகும்?”

என் முகத்தை நேராகப் பார்த்துத்தான் சொன்னார். பொய் சொல்கிறாரா, நிஜமாகவே அப்படி நம்புகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. கினுயோவைப் பார்க்க மருத்துவமனைக்கு முதலில் ஓடியவர் அவர்தான். அங்கே அழுதார் என்றும் கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு நானும் மருத்துவமனைக்குப் போனேன்.

“ஹிரோசே, வலது பக்க முடிச்சு உங்களுது இல்ல.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா வாயைத் திறக்கல?”

“எதுக்கு வாத்தியாரே அதெல்லாம். பக்கத்துப் படகாச்சேன்னு மழையில நனைஞ்சு வந்து கட்டினீங்க. கெளம்பறதுக்கு முன்னாடி உறையைத் தூக்கிப் பாக்காதது என் தப்பு.”

“நானா? நான் உங்க படகுல காலே வைக்கல!”

“நான் கேக்கவே இல்லியே” என்று சிரித்தார்.

கினுயோ கட்டுப்போட்ட கையோடு படுக்கையிலிருந்து சொன்னார்: “எங்க மேல உங்களுக்கு இருக்கிற கோவத்துக்கு, அந்த மழையில வந்தீங்களே, அதுவே பெருசு. உக்காருங்க. பேரிக்கா இருக்கு, உரிக்கத்தான் கை இல்ல.”

மறுபடியும் மறுத்தேன். எங்கள் துறையில் உதவி செய்தவர் மறுப்பதுதான் வழக்கம். நான் மறுக்க மறுக்க அவர்களுக்கு உறுதியாகிக்கொண்டே போனது. நான் செய்யாத ஒன்றுக்காக, என்னைக் காப்பாற்றுவதாக எண்ணி, அந்த மனிதர் தன் படகை இழக்கத் தயாராக உட்கார்ந்திருக்கிறார். அவர் தயவு எனக்கு எதற்கு? அதன் பிறகு பேரிக்காயை நானே உரித்து, துண்டு போட்டு, அந்த அம்மாளின் இடக்கைப் பக்கம் வைத்துவிட்டு வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அதிகாரி அவர்கள் இடப்பக்கத்தை மட்டும் படம் எடுத்தீர்கள். பொதுக்குழு கூடுவதற்கு முன், வலப்பக்கத்துப் பச்சைக் குழாயைத் தூக்கிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கட்டியது ஒகாதா என்று நான் சொல்லவில்லை. பார்த்தது இரண்டு மஞ்சள் சட்டைகளையும் யாரோ ஒருவரின் இடுப்பு வலியையும்தான். நான் பார்த்ததாக எழுதியவை உண்மை. அவற்றுக்கு என்ன பொருள் என்பதற்கு என்னால் உறுதி சொல்ல முடியாது.

மேலே பெயருக்கு விட்ட இடம் இன்னும் காலியாக இருக்கிறது. கையெழுத்துப் போட்டால், பதவி போன ஆத்திரம் என்பார் ஒகாதா. படித்தால் யார் எழுதியது என்று ஹிரோசேக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும். பெயர் எழுதாத வரைக்கும் அவர் என்னைக் கேட்க முடியாது, நானும் சொல்ல வேண்டியதில்லை, என் வாசலில் இனிப்புப் பெட்டியோடு வந்து நிற்கவும் அவரால் முடியாது. அந்த இடத்தை அப்படியே விட்டு, கடித உறையை ஒட்டி, தபாலில் போடப் போகிறேன்.