மீதி கொட்டப்பட்டது

எனக்கு எந்தப் பொருளும் வீணாவது பிடிக்காது. பற்பசை தீர்ந்துவிட்டது என்று எல்லோரும் தூக்கிப் போடும் குழாயைக் கத்தரிக்கோலால் குறுக்கே வெட்டி இன்னும் நான்கு நாள் ஓட்டுவேன். தேய்ந்த சோப்புத் துண்டுகளைச் சேர்த்து அமுக்கி ஒரு சோப்பாக்கிவிடுவேன். கஞ்சம் என்பார்கள். கஞ்சம் வேறு, சிக்கனம் வேறு. இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் இதுவரை என் வாக்குமூலத்தில் இரண்டு இடத்தில் ‘திருட்டு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையை அடித்துவிடச் சொல்லவில்லை, இருக்கட்டும். ஆனால் இது தொடங்கியது திருட்டில் இல்லை, மீதியில்.

பத்தொன்பது வருஷமாக அவசரப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். வலிப்பு வந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்தால் எல்லோரும் பதறுவார்கள், நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானே அடங்கிவிடும். ஐந்து நிமிஷத்தைத் தாண்டிவிட்டால் லேசில் அடங்காது. அப்போது ஊசி போட வேண்டும். உடனே போட வேண்டும், அளவு குறையாமல் போட வேண்டும். நேரம் போகப் போக அதே மருந்து அந்த மூளையில் எடுபடாது. அரைகுறையாகப் போடுவது போடாததற்குச் சமம் என்று புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுப்பேன்.

அந்த மருந்து சின்னக் கண்ணாடிக் குப்பியில் வரும். கழுத்தை உடைத்தால் உடைத்ததுதான், திரும்ப மூடி வைக்க முடியாது. சின்னக் குழந்தைக்குக் கால்வாசி போதும். மிச்ச முக்கால்வாசியைக் கைகழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, பதிவேட்டில் ‘மீதி கொட்டப்பட்டது’ என்று எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல மருந்து சாக்கடைக்குப் போவதை நின்று பார்ப்பதும் என் வேலையில் ஒரு பகுதி. வயிறு எரியும்.

இரண்டாவது கையெழுத்து பெரும்பாலும் என் தோழியுடையது. வார்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர்.

“எங்கடி போடணும்?”

“இங்க.”

“கொட்டிட்டியா?”

“கொட்டாம வீட்டுக்கா எடுத்துட்டுப் போவேன்?”

சிரித்துக்கொண்டே போட்டுவிட்டுப் போவாள். அவளை இதில் இழுக்காதீர்கள். என்னை நம்பினாள், அது ஒன்றுதான் அவள் செய்தது.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். அம்மாவுக்கு மறதி வந்து நான்கு வருஷம் ஆகிறது. முதலில் பாத்திரம் வைத்த இடம் மறந்தது, பிறகு தெரு மறந்தது, கடைசியில் நான். நான் வேலைக்குக் கிளம்பினால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “என்னைக் கடத்திட்டு வந்துட்டாங்க, யாராவது வாங்களேன்” என்று கத்துவாள். பார்த்துக்கொள்ள வந்த மூன்று பெண்களும் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிட்டார்கள். கடைசியாக வந்தவளின் கையை அம்மா கடித்துவிட்டாள். மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் ஒரு நாள் படியிறங்கி வந்து, “எங்களுக்கும் மனசு இருக்கும்மா, ஆனா தினமும் கேக்க முடியல. வேற வீடு பாத்துக்குங்க” என்றார். அவர் மேல் தப்பில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அம்மாவின் வாய் என் வயிற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

அந்த மருந்தை மூக்கில் விட்டாலும் வேலை செய்யும். ஒரு காலை அம்மாவுக்கு நான்கு சொட்டு விட்டேன். ஐந்து நிமிஷத்தில் என் தோளில் சாய்ந்தாள். தலையணையைச் சரிசெய்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். மதியம் திரும்பி வந்தபோது அதே பக்கம் படுத்திருந்தாள். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் உங்களுக்குப் புரியாது. பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

முதல் ஆறு மாதம் மீதி மட்டும்தான். யாருக்கும் ஒரு சொட்டுக் குறையவில்லை. பிறகு குழந்தைகள் வரத்து குறைந்தது, அம்மாவுக்கோ நான்கு சொட்டு போதவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வலிப்பு நேரத்தில் கை நடுங்க நடுங்கக் குப்பியை உடைத்து உறிஞ்சுவதற்குள் ஒரு நிமிஷம் போய்விடுகிறது. காலையிலேயே இரண்டு சிரிஞ்சில் ஏற்றி, பெயர் ஒட்டி, தட்டில் தயாராக வைத்தால் என்ன என்று பெரிய சிஸ்டரிடம் கேட்டேன். நல்ல யோசனை என்று எல்லோர் முன்னாலும் பாராட்டினார். உண்மையிலேயே நல்ல யோசனைதான், நேரம் மிச்சமானது. மருந்து தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும். பாதியை எடுத்துக்கொண்டு உப்புத் தண்ணீரால் நிரப்பினால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

பாதியிலேயே பல பேருக்கு நின்றது. நிற்காதவர்களுக்கு டாக்டர் இரண்டாவது போட்டார், நின்றது. அதனால் பழகிவிட்டது. எறும்பு ஊரக் கல்லும் தேயும், மனசு தேயாதா?

இனி நீங்கள் கேட்க வந்த விஷயம்.

தையல் கடை வைத்திருக்கும் அக்கா, தங்கை இரண்டு பேரையும் எங்கள் பிரிவில் எல்லோருக்கும் தெரியும். தங்கைக்கு வலிப்பு. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை வருவார்கள். அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் கடிகாரக்காரி. உள்ளே நுழையும்போது ‘காப்பாத்துங்க’ என்று சொல்ல மாட்டாள், நிமிஷத்தைச் சொல்லுவாள். “ஆறு நிமிஷம் ஆச்சு சிஸ்டர்” என்பாள். ஊசி போட்டதும் எத்தனை நிமிஷத்தில் நின்றது என்று நோட்டில் குறித்துக்கொள்வாள். தங்கை கண் விழித்ததும் முதலில், “இன்னிக்கு எத்தன நிமிஷம்க்கா?” என்று கேட்டுவிட்டு, “அப்ப போன தடவ ரெக்கார்டை முறியடிக்கல” என்று சிரிப்பாள். எனக்கு இரண்டு பேரையும் பிடிக்கும். என் சீருடைக்குக் கை வைத்துத் தைத்தது அந்தத் தங்கைதான்.

அன்று செவ்வாய்க்கிழமை. அடுத்த இரண்டு நாள் எனக்கு வேறு பிரிவில் வேலை போட்டிருந்தார்கள், தட்டுப் பக்கம் வர வழியில்லை. அதனால் அந்த நாட்களுக்கும் சேர்த்துக் காலை ஏழேகாலுக்கு இரண்டு சிரிஞ்சிலிருந்தும் முழுவதையும் எடுத்துக்கொண்டேன். ஒரே ஒரு நாள்தானே, தினமுமா வலிப்பு வருகிறது என்று நினைத்தேன். கழுவி வைத்திருந்த கண் மருந்துப் புட்டியில் ஊற்றிச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டேன். சிரிஞ்சுகளில் வெறும் உப்புத் தண்ணீர்.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். தையல் மேசையிலிருந்து தங்கையை அப்படியே தூக்கி வந்திருந்தாள் அக்கா, கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது.

“ஏழு நிமிஷம் ஆச்சு சிஸ்டர்.”

முதல் ஊசியை நான்தான் போட்டேன். என் கை நடுங்கவில்லை. நிற்கவில்லை. ஐந்து நிமிஷம் கழித்து டாக்டர் இரண்டாவதைப் போடச் சொன்னார். அதையும் போட்டேன். நிற்கவில்லை. டாக்டர் வயதில் சின்னவர், முகம் வெளுத்துவிட்டது.

“மருந்து சரியாத்தானே சிஸ்டர் இருக்கு?”

“தேதி பாத்துட்டேன் டாக்டர். சரியா இருக்கு.”

தேதி சரியாகத்தான் இருந்தது.

அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு முழு ஊசி உள்ளே போயிருக்கிறது, மூன்றாவது போட்டால் மூச்சு நின்றுவிடும் என்று அவர் பயந்தார். அவருக்குத் தெரிந்த வரையில் அது சரியான பயம். ஒன்றுமே போகவில்லை என்று தெரிந்திருந்தால் அலமாரியில் இருந்த புதுக் குப்பியை உடைத்திருப்பார். அவருக்குச் சொல்ல இரண்டு வார்த்தை போதும். என் நாக்கில் வந்து நின்றது. வாயாடி அந்தப் பக்கம் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், பெரிய சிஸ்டர் வாசலில் வந்து நின்றார். சொல்லவில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று தோன்றிவிட்டது. பயமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. இந்த வேலை போனால் அம்மாவை வைத்துக்கொண்டு நான் எந்தத் தெருவில் நிற்பது?

அடுத்த மருந்து கீழ்மாடியிலிருந்து வர வேண்டியிருந்தது. அதைச் சொட்டு சொட்டாக ஏற்றினார்கள். பிறகு மயக்க மருந்து டாக்டர் வந்து தொண்டையில் குழாய் போட்டார். உதடு நீலமாகியிருந்தது. அக்கா சுவரோரம் நோட்டோடு நின்றாள்.

“போன தடவ ஊசி போட்ட எட்டாவது நிமிஷமாவது நின்னுச்சே சிஸ்டர். இந்தத் தடவ ஏன் நிக்கல?”

“ஒவ்வொரு தடவ ஒவ்வொரு மாதிரிம்மா. நாங்க முழுசா குடுத்திருக்கோம்.”

ஐம்பத்திரண்டு நிமிஷம் என்று எழுதிக்கொண்டாள். அந்த நோட்டைத்தானே இப்போது உங்கள் மேசையில் வைத்திருக்கிறீர்கள். ஒன்றரை வருஷமாக ஒவ்வொரு தடவையும் நிமிஷம் ஏறிக்கொண்டே போவதை நீங்கள் கண்டுபிடிக்கவில்லை, நாங்களும் கண்டுபிடிக்கவில்லை. அளவெடுத்துப் பழகியவள் கண்டுபிடித்தாள்.

தங்கை பிழைத்துவிட்டாள், அதை யாரும் சொல்வதில்லை. பன்னிரண்டு நாள் கழித்துக் கண் திறந்தாள். அக்காவைப் பார்த்து, “நீங்க யாரு?” என்று கேட்டாளாம். கரண்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியவில்லையாம். மறந்துபோனவளோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று அந்த அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்க என்னைவிட யார் இருக்கிறார்கள்? அனுமதித்தால் போய்ச் சொல்வேன். கோபப்படக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, கூடவே உட்கார்ந்திருந்தால் போதும்.

கடைசிக் கேள்வியை நீங்கள் மூன்று விதமாகக் கேட்டுவிட்டீர்கள், நேராகவே சொல்கிறேன். ஆமாம், அந்த ஐம்பத்திரண்டு நிமிஷமும் மருந்து என் பையில்தான் இருந்தது. அவள் தலையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் உதறும்போதெல்லாம் அவள் தோள் என் பையில் இடித்தது, புட்டி உடைந்துவிடுமோ என்று கொஞ்சம் தள்ளி நின்றேன். மூடியைத் திறந்து மூக்கில் விட்டிருந்தால் போதும், ஊசிகூட வேண்டியதில்லை. ஏன் விடவில்லை என்கிறீர்கள். அது அம்மாவுக்கென்று எடுத்து வைத்தது. ஒருவருடைய மருந்தை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கும் பழக்கம் எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை.