தண்டோரா போட்ட கலைவிழா

ஹனீப்: ...அதான் கேக்கறேன் ஆதி சார், இன்னொரு காஸ் லைட்டும் ஏத்தட்டா? காலி ஜமக்காளம் இன்னும் பளிச்சினு தெரியும்.

ஆதிநாராயணன்: பழவேற்காட்டுலேர்ந்து நீங்க லைட்டு கடை வெக்க வந்ததே என்னை கிண்டல் பண்ணத்தானா பாய்? நெல்லு மில்லு களம் பூரா விரிச்சு வெச்சிருக்கேன். ஒரு ஈ காக்கா இல்ல.

சந்திரகலா: ஏன் இல்ல? அதோ ஒரு ஆடு படுத்துகினு இருக்குதே. கலைய ரசிக்க வந்திருக்கும்.

ஆதிநாராயணன்: பொண்டாட்டியா இருந்துகினு நீயுமா கலா? திருவள்ளூரு மாறிக்கினு வருது. தெருவுக்குத் தெரு மெட்ராஸ் வேலைக்காரங்க குடி வந்துட்டாங்க. ஊர்க்காரங்களும் வந்தவங்களும் ஒண்ணா ஒக்காந்து...

சந்திரகலா: ரயில்ல பேசற பேச்ச ஊட்லயும் பேசி, இங்கயுமா? அந்த மெட்ராஸ் வேலைக்காரங்க எங்க?

ஆதிநாராயணன்: வருவாங்க...

ஹனீப்: எங்க வர்றது? மத்தியான வண்டியில ஏறிட்டாங்க தங்கச்சி. ஞாயித்துக்கெழமகூட ஆபீஸ் இருக்குதாம்!

ஆதிநாராயணன்: மெட்ராஸ்லேர்ந்து விழாத் தலைவரு வந்துட்டா கூட்டம் தானா சேரும்.

ஹனீப்: அவரு செவ்வாப்பேட்டையிலயே எறங்கிட்டாரு. அங்க ஒரு கல்யாண கோஷ்டி மாலையும் மேளமுமா நின்னுச்சாம். தனக்குத்தான்னு கழுத்த நீட்டிக்கினு எறங்கிட்டாரு. வண்டி கெளம்பிடுச்சு. ரயில் கார்டுதான் சொல்லிட்டுப் போனாரு.

ஆதிநாராயணன்: ஐயோ... கூத்து கட்டற சடையப்பன்? கோலாட்டப் பொண்ணுங்க?

ஹனீப்: பொண்ணுங்கள அவங்கம்மாங்க நெல்லு குதிருக்குப் பின்னாடி ஒளிச்சி வெச்சிருக்காங்க. சடையப்பன் ராஜா வேஷத்தோடயே ஏரிக்கரைக்கு ஓடிட்டான். அதோ... பொதர்ல கிரீடம் மின்னுது பாருங்க.

ஆதிநாராயணன்: ஒளியறாங்களா! எதுக்கு?

ஹனீப்: இந்த ஊர்ல தண்டோரா எதுக்குப் போடுவாங்க சார்? ஒண்ணு வரி கட்ட. இல்ல, அம்மை குத்த. போன தபா குத்தினதுல பாதி ஊரு கை வீங்கி ஜொரத்துல கெடந்துச்சு. இப்ப உங்காளு இன்னா கூவினான் தெரியுமா? "மெட்ராஸ்லேர்ந்து பெரிய ஆளுங்க வர்றாங்கோ! ஒரு நயா பைசா வாணாம்! கைக்கொழந்தையோட எல்லாரும் வரணும்! சட்டை கைய மடிச்சுகினு வரணும்!"

ஆதிநாராயணன்: சட்டை கையா! நான் அப்படி சொல்லவே இல்ல பாய்! கலைவிழா, எல்லாரும் வாங்க, இலவசம்... அவ்ளோதான்!

சந்திரகலா: கலைன்னா கை தட்டணும் இல்ல? தோதா இருக்கட்டும்னு சொல்லியிருப்பான்.

ஹனீப்: நல்லா தட்டினாங்க... கதவ சாத்திகினு! சரி சார், நான் போய் குத்தறது இல்ல, பாட்டுதான்னு சொல்லி நாலு பேரையாவது இட்டுகினு வரேன். நம்பினா சரி.

ஆதிநாராயணன்: போங்க பாய், சீக்கிரம்... கலா, நாளைக்கு காலைல எந்த மூஞ்சிய வெச்சுகினு வண்டி ஏறுவேன்?

சந்திரகலா: இதே மூஞ்சிதான். வேற இருக்குதா? ஆபீஸ் விட்டா களம், களம் விட்டா ஆபீஸுன்னு பேயா அலைஞ்சீங்களே... யாருக்காக? மாலை போட்டுக்கவா?

ஆதிநாராயணன்: ஊருக்காக...

சந்திரகலா: உள்ளத சொல்லுங்க. பாயும் போயிட்டாரு.

ஆதிநாராயணன்: ...நிகழ்ச்சி லிஸ்ட்ல கடவுள் வாழ்த்துக்கு யாரு பேரு போட்டிருக்கு?

சந்திரகலா: என் பேரு. என்னை ஒரு வார்த்த கேக்காம.

ஆதிநாராயணன்: அதுக்குத்தான் எல்லாம். கல்யாணத்துக்கு முந்தி உங்க ஊரு கோயில்ல நீ பாடினா தெருவே நின்னு கேக்குமாம். இங்க வந்து அடுப்பாண்ட முணுமுணுக்கறதோட சரி. குடும்பத்துப் பொம்பள மேடையேறுவாளான்னு எங்கம்மா ஒரே பேச்சுல உன்னை அடக்கிட்டாங்க. நானும் வாய மூடிகினு இருந்துட்டேன். ஊரே ஏறுற மேடைன்னா யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது இல்ல? அதான்... கூத்து, கோலாட்டம், தலைவரு எல்லாம் ஒப்புக்கு.

சந்திரகலா: எனக்காகவா... இவ்ளோவும்?

ஆதிநாராயணன்: இன்னாத்துக்கு அழுவுற? எப்பவும்போல கிண்டலா ஏதாவது சொல்லேன்.

சந்திரகலா: தண்டோராக்காரன் நீங்க சொன்னத மறந்துட்டு நம்ம ஊட்டாண்ட வந்து நின்னான். கைக்கொழந்த, சட்டை கை... யாரும் வரக்கூடாதுன்னு எல்லாம் நான்தான் சொல்லி அனுப்பினேன். ஊரு முன்னாடி வாயத் தொறந்தா கொரலே வராதுன்னு அவ்ளோ பயம் எனக்கு... போங்க, மொத ஜமக்காளத்துல போய் ஒக்காருங்க. உங்களுக்குப் பாடிடறேன். அப்பறம் பாய் ஊரையே இட்டுகினு வந்தாலும் பாடறேன்.