முகம் பார்த்துக் கேட்கும் சந்தேகம்

அவையை ஆளும் தலைவர் அவர்களே! ஊரின் பாதி மாடிகளை வரைந்து தந்துவிட்டு, இப்போது அந்த மாடிகளில் ஏற மூச்சு வாங்கும் மூத்த கட்டடக் கலைஞர்களே! பிள்ளை பகலெல்லாம் திரை பார்ப்பதைப் பார்த்துப் பார்த்துப் பதைக்கும் தாய்மார்களே! கதவோரம் கடைசி வரிசையில் ஒதுங்கியிருக்கும் இளையோரே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

இன்று ஒரு தீர்மானம் நம் முன் நிற்கிறது. பயிற்சியில் இருக்கும் இளையோர் அன்றாடம் அலுவலகம் வந்தே ஆக வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்த்தால் நம் சங்கம் பயிற்சிச் சான்று தராது. சான்று இல்லையேல் அவர்களுக்கு இந்தத் தொழிலே இல்லை. முன்மொழிந்தவர் என் கூட்டாளி. மறுத்துப் பேச வந்திருப்பவள் நான். தலைவர் அவர்களே, மணியின் மேல் இருக்கும் கையைக் கொஞ்சம் எடுங்கள்!

தீர்மானத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். என் அலுவலகத்தில் ஓர் இளம்பெண், வீட்டிலிருந்து வேலை பார்ப்பவள். எதைச் சொன்னாலும் "சரிங்க மேடம்" என்பாள். அதனால் அவளுக்கு 'சரிங்க' என்றே பெயராகிவிட்டது. ஒரு பள்ளியின் மாடியில் வகுப்பறைச் சுவரை மூன்றடி தள்ளி வரையச் சொன்னேன். தள்ளினாள். சுவர் நகர்ந்தது, அதைத் தாங்க வேண்டிய உத்திரம் நகரவில்லை! எழுப்பிய சுவரை இடித்தோம்.

"ஏம்மா, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேக்கணும்னுதான் இருந்தேன் மேடம். ஆபீஸ்ல இருந்தா உங்க மூஞ்சியப் பாத்து, நல்ல நேரமான்னு தெரிஞ்சுக்கிட்டு கேப்பேன். இத்தனூண்டு சந்தேகத்துக்குப் போய் ஒரு போனான்னு விட்டுட்டேன்."

சிரிக்கிறீர்கள். பக்கத்து மேசையில் கேட்டால் அது சந்தேகம். போன் போட்டுக் கேட்டால் அதுவே விண்ணப்பம் ஆகிவிடுகிறதே, என்ன செய்வாள் அந்தப் பெண்?

எனக்கோ கோபம் தலைக்கேறியது. "திங்கக்கிழமை ஆபீஸ் வா. இல்லன்னா வரவே வேண்டாம்" என்றேன். "சரிங்க மேடம்" என்றாள். கூடவே, "அப்ப நான் வரலைங்க. அம்மாவைப் புரட்டிப் படுக்க வைக்க வேற ஆளில்ல" என்றாள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட தாய். அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான்.

அன்றிரவு என்னை நானே கேட்டுக்கொண்டேன். அலுவலகம் யாருக்குத் தேவை? ஒப்பந்தக்காரரின் உரத்த குரலும், பொறியாளரின் புருவ நெரிப்பும், கலவையின் கனமும், கம்பியின் கணக்கும் யாருக்குத் தேவை? கற்கிறவளுக்கா, கற்று முடித்ததாகக் கர்வம் கொண்ட எனக்கா? வரைபடம் திருத்த எனக்கு ஒரு மேசையும் மூக்குக்கண்ணாடியும் போதும். அந்த மேசை அவள் வீட்டில் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

போனேன்! வாரத்தில் இரண்டு நாள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போகிறேன். அந்நாள்களில் தாயைப் புரட்டிப் படுக்க வைப்பவள் நான்; அவள் என் அறையில் அமர்கிறாள், கட்டட வேலை நடக்கும் இடத்துக்குப் போகிறாள். முதல் நாள் அந்தத் தாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த வயசுல உன்னையும் வீட்டுல இருந்தே வேலை பாக்கச் சொல்லிட்டாங்களா?"

"ஆமாங்க."

"எதுன்னாலும் எம் பொண்ணுகிட்ட கேளு. கூச்சப்படாத."

அன்று மாலை பொறியாளர் போன் போட்டார். "மேடம், உங்க பொண்ணு கேள்வி கேக்குறத நிறுத்தவே மாட்டேங்குது. எனக்குத் தலை சுத்துது!" அவர் அலுத்துக்கொண்டார், நான் ஆனந்தக் கண்ணீர் விட்டேன்.

கூட்டாளி முணுமுணுக்கிறார், "எல்லார் வீட்டுக்கும் நம்மால போக முடியுமா?" என்று. முடியாது ஐயா. போக முடிந்த வீட்டுக்குப் போகலாமே!

ஆகவே அவையோரே, இளையோர் வரட்டும், வந்து பார்த்துப் பழகட்டும். ஆனால் தீர்மானத்தில் ஒரே ஒரு வரி சேருங்கள்: 'வர முடியாதவர் வீட்டுக்கு மூத்தவர் முடிந்தவரை போக வேண்டும், சான்றை மறுக்கக் கூடாது.' நம் முதுகு கொஞ்சம் வளையட்டும்; அந்தப் பிள்ளைகள் தொழிலில் நிமிரட்டும்!

இந்தத் திருத்தத்துக்கு முதல் கை என் கை. இதோ, உயர்த்திவிட்டேன். இன்னொரு கை எழும்வரை இறக்கப்போவதில்லை. எனக்கும் வயதாகிவிட்டது, தோள் வலிக்கிறது, சீக்கிரம் உயர்த்துங்கள்! பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. ஒரு கை மேலே இருப்பதால், மற்றொரு கையால் வணங்குகிறேன்.