எட்டு வடிவ வார்

எடை தூக்கும்போது மணிக்கட்டில் கட்ட வார் வாங்குவதாக இருந்தால் பருத்தித் துணியில் வாங்குங்கள். நைலான் பார்க்கப் பளபளப்பாக இருக்கும். வியர்வை பட்டால் வழுக்கும், மணிக்கட்டையும் அறுக்கும். என் ஜிம்முக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வதை உங்களிடமும் சொல்லி வைக்கிறேன்.

மாப்பிள்ளையைப் பற்றித்தானே கேட்டீர்கள்? என் தங்கையின் கணவர். தங்கமான மனுஷன். மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் என் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். அப்பா அம்மா போன பிறகு தங்கைக்குத் தலைவாரிப் பின்னல் போட்டு வளர்த்தவன் நான். எனக்கென்று ஒரு குடும்பம் வேண்டும் என்று தோன்றியதே இல்லை. அதுதான் இருந்ததே.

அவருக்கு எடை தூக்கக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். தரையிலிருந்து கம்பியை இழுக்கும்போது முதுகு தாங்கினாலும் விரல் தாங்காது. வாரால் மணிக்கட்டையும் கம்பியையும் சேர்த்துக் கட்டிவிட்டால் பிடி நழுவாது. அது அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பிறகு வார் இல்லாமல் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்கமாட்டார் என்று தங்கை கேலி செய்வாள்.

போன கோடையில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். "மச்சான், பிரமோஷன் வந்திருக்கு. வேற ஊரு. இவளையும் கூட்டிட்டுப் போறேன்."

தங்கை சிரித்தாள். முன்பே பேசி வைத்திருக்கிறார்கள் என்று அந்தச் சிரிப்பில் தெரிந்தது. "சந்தோஷம் மாப்பிள்ளை, நல்லா இருங்க" என்றேன். அதன் பிறகு மாடியில் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டாலே படிக்கட்டுக்குக் கீழே போய் நின்றுகொள்வேன். பயம்தான், வேறென்ன.

ஒரே வீச்சில் கம்பியைத் தலைக்கு மேல் தூக்குகிற வித்தையைக் கற்றுத்தரச் சொல்லி அவர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, ஜிம்முக்கு விடுமுறை. வரச்சொன்னேன். அந்தத் தூக்கலில் விதி ஒன்றுதான்: கம்பி பின்னால் சாய்ந்தால் பிடியை விட்டுவிட்டு முன்னால் குதிக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே அதைத்தான் பழக்குவேன். மாப்பிள்ளைக்குப் பழக்கவில்லை.

"பிடி நழுவுமே மச்சான்" என்றார்.

"அதுக்குத்தானே நான் இருக்கேன்" என்று சொல்லி எட்டு வடிவ வாரை எடுத்தேன். சாதாரண வாரென்றால் விரலை விரித்ததும் தளர்ந்துவிடும். இது 8 போல இரண்டு வளையம். கம்பியைச் சுற்றிவந்து மறுபடி மணிக்கட்டிலேயே மாட்டிக்கொள்ளும். தரையிலிருந்து இழுப்பதற்கு இதைவிட நல்ல வார் கிடையாது. தலைக்கு மேல் தூக்க இதை யாரும் போடமாட்டார்கள். இரண்டு கைக்கும் நானே மாட்டினேன். இடுப்பு பெல்ட்டை வழக்கத்தைவிட ஒரு ஓட்டை உள்ளே இழுத்துப் போட்டேன். ஒரு வேலையைச் செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

முதல் தடவை அழகாகத் தூக்கினார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. எடை ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன்.

கம்பி மெல்லப் பின்னால் போனது. மனிதனுக்கு அந்த நேரத்தில் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை. பத்து விரலும் தானாக விரிந்ததைப் பார்த்தேன். கம்பி அவரை விடவில்லை. "விட முடியல மச்சான்" என்றார். கத்தவில்லை, எப்போதும் போல என்னிடம் உதவி கேட்கிற குரல். நான் எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் நின்றேன். அவர் மல்லாந்து விழுந்தபோது கழுத்துக்கு அடியில் கம்பி இருந்தது.

நம்ப வைத்துக் கழுத்தறுத்தான் என்று ஊர் பேசும். பேசட்டும். அவர் சாக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சாகவும் இல்லையே. கழுத்துக்குக் கீழே அசைவில்லை, அவ்வளவுதான். வேலை போனது, வேறு ஊர்ப் பேச்சும் போனது. மாடி ஏற முடியாதென்று கீழே என் பக்கத்து அறையையே ஒழித்துக் கொடுத்தேன். புரட்டிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். "மச்சான் இல்லேன்னா நான் என்ன ஆகியிருப்பேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுவார். எனக்கும் கண் கலங்கும்.

உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்க வீட்டுக்கு வருகிற பெண்ணிடம் போன வாரம் அவர் வெகுளியாக அன்றைய கதையைச் சொல்லியிருக்கிறார். அவளும் எடை தூக்குகிறவள். "அந்த வாரைப் போட்டுக்கிட்டா தலைக்கு மேல தூக்குனீங்க? யாருங்க கட்டிவிட்டது?" என்று கேட்டாளாம். தங்கை அப்போது துணி மடித்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

ஆமாம், தெரிந்துதான் கட்டினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள், வந்ததிலிருந்து என் முகத்தையே பார்க்கவில்லை. கோபம் வந்தால் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இங்கே வேலை முடிய இன்னும் நேரமாகுமா? நான் இல்லாமல் அவள் தனியாக வீட்டுக்குப் போகமாட்டாள்.